கன்னத்தில் ஒளிர்ந்த கரி

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான். வெள்ளாற்று நுண்கரிம உயராய்வு நிலையத்தின் இயக்குநர் முனைவர் அன்பரசு. துறைத்தலைவர் முனைவர் கலைமணி. நெறியாளர் மங்கலம் அம்மையார். திருச்சியிலிருந்து வந்திருந்த வெளித்தேர்வாளர் பேராசிரியர் சவரிராயன். பட்டத்துக்கு நின்ற ஆய்வாளர் கனிமொழி. அவளைப் பெற்ற தங்கராசு, ராசம்மாள். தங்கராசுவின் அண்ணனும் காடாம்புலியூரில் அந்தக் குடும்பத்துக்குப் பெரியவருமான உத்திராபதி. கூடத்து உதவியாளர் கதிர்வேல். வருகைப் பதிவு தருவதாகச் சொல்லி ஓட்டிக்கொண்டு வரப்பட்ட மாணவர்கள் நாற்பது பேர். இவர்களைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை. "நான் கண்ணால பார்த்தேன்" என்று பிற்பாடு டீக்கடையில் சத்தியம் செய்தவர்களில் ஒருவரும் அந்த வளாகத்துக் கேட்டைக்கூடத் தாண்டியதில்லை.

2012ஆம் வருடம், ஆவணி மாதம். சிதம்பரத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவில் இருந்த அந்த நிலையத்தில் கனிமொழிக்குப் பொது வாய்மொழித் தேர்வு. ஆய்வு செய்தவர் எல்லோர் முன்னாலும் நின்று தன் ஆய்வை விளக்க வேண்டும். யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். பொதுமக்களும் கேட்கலாம் என்று விதி இருந்தது. விதியை நம்பி இதுவரை யாரும் கேட்டதில்லை. வந்தவர்களுக்குச் சாப்பாடும் பெரியவர்களுக்குப் பொன்னாடையும் ஆய்வாளர் வீட்டுப் பொறுப்பு. அது விதியில் இல்லை. விதிகளைவிடக் கண்டிப்பாக நடந்து வந்தது.

உத்திராபதி கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். நாற்காலியில் முதுகு சாயாமல் உட்காரும் பழக்கம் அவருக்கு. முன்வரிசையில் எட்டு நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்து அதில் ஒன்றில் அமர்ந்தார். கதிர்வேல் ஓடி வந்தான்.

"ஐயா, எழுந்திருங்க. இந்த வரிசை துறைத்தலைவருக்கு மேல இருக்கறவங்களுக்கு."

"அவுருக்கு மேல யாரு?"

"இயக்குநர்."

"அவுரு ஒருத்தருக்கா எட்டு நாற்காலி?"

"எதுல உட்காருவாருன்னு முன்கூட்டிச் சொல்ல மாட்டாருங்க."

உத்திராபதி எழுந்து மூன்றாம் வரிசைக்குப் போனார். அவர் விளங்காமல் விழித்த முதல் இடம் அது. கடைசி இடம் அல்ல.

அடுத்தது பொன்னாடை. திருப்பாதிரிப்புலியூர் கடையில் ராசம்மாள் மூன்று பொன்னாடை வாங்கி வந்திருந்தாள். மூன்றும் ஒரே மாதிரி. கதிர்வேல் சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து ஜரிகையை அளந்தான். அவன் முகம் வெளுத்தது.

"என்னாம்மா, மூணும் ஒரே அகலமா இருக்குது? இயக்குநருக்கு ரெண்டு விரக்கடை ஜாஸ்தி இருக்கணும். போன வருசம் ஒரு பையன் இப்பிடித்தான் சமமா வாங்கியாந்தான். துறைத்தலைவருக்குப் போட்டதப் பார்த்துட்டு இயக்குநர் அந்தப் பொன்னாடையாலயே அவுரு கழுத்த இறுக்கிட்டாரு. மூணு பேரு சேந்து பிரிச்சோம்."

"பட்டம் குடுத்தாங்களா அந்தப் பையனுக்கு?" என்றான் தங்கராசு. அவன் கவலை அவனுக்கு.

"அடுத்த தடவ அகலமா வாங்கியாந்ததும் குடுத்தாங்க."

ராசம்மாள் உத்திராபதியைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா, இது படிச்சவங்க எடந்தானே?"

"படிச்சவங்க எடந்தான். பேசாம இரு" என்றார் உத்திராபதி.

கனிமொழி அங்கே செய்துகொண்டிருந்த வேலையைப் புரிந்துகொள்வது கடினமல்ல. பண்ருட்டிப் பக்கம் மலை மலையாகக் குவியும் முந்திரி ஓட்டைக் கரியாக்கி, அந்தக் கரியை மேலும் மேலும் உடைத்து, ஒரு மயிரிழையின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு கூறாகச் சிறுக்க வைத்தாள். அப்படிச் சிறுத்த கரிக்கு ஒரு குணம் வந்துவிடுகிறது. தண்ணீரில் கலந்து, இருட்டில், புற ஊதா விளக்கைக் காட்டினால் நீலமாக ஒளிரும். உடம்பில் வளரும் கெட்ட கட்டியில் போய் ஒட்டும்படி அதைப் பக்குவப்படுத்தினால், கட்டி எதுவரை இருக்கிறது என்று அறுவை செய்யும் மருத்துவருக்கு விளிம்பு தெரியும். நல்ல சதையை வெட்ட வேண்டாம். கெட்டதை விட்டுவைக்கவும் வேண்டாம். தோலுக்கும் சதைக்கும் அதனால் தீங்கில்லை என்பதையும் சோதித்து எழுதியிருந்தாள். போன மார்கழியில் அடித்த 'தானே' புயலில் தங்கராசுவின் தோப்பு முழுக்கச் சாய்ந்த பிறகு, அந்த வீட்டில் நிமிர்ந்து நின்றது அவள் ஆய்வு ஒன்றுதான்.

ஆய்வு நடந்த இடத்தின் வழக்கங்களைத்தான் உத்திராபதியால் புரிந்துகொள்ள முடியவில்லை. லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் கனிமொழி சொல்வாள். அவர் கேட்டுவிட்டு, "நீ எதையோ தப்பாப் புரிஞ்சுகிட்டிருக்க, தாயி" என்பார்.

அவள் சேர்ந்த வருடம் புதிதாக ஓர் உலை வந்தது. ரிப்பன் வெட்டித் திறக்க வேண்டும். கத்தரிக்கோலின் ஒரு வளையத்தில் இயக்குநர் கட்டைவிரலை நுழைத்தார். மறு வளையத்தில் துறைத்தலைவர் நுழைத்தார். இருவரும் புகைப்படத்துக்குச் சிரித்தபடியே இழுத்ததில் ரிப்பனோடு கலைமணியின் இடதுகைச் சுண்டுவிரல் நுனியும் போயிற்று. வெள்ளைத் தட்டில் ரிப்பன் துண்டுக்கும் ரோஜா இதழ்களுக்கும் நடுவில் அது கிடந்தது. இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அறிவியல் தியாகம் கேட்கிறது. நமது துறைத்தலைவர் ஒரு விரலின் நுனியைத் தந்திருக்கிறார். நான் என் பொன்னான நேரத்தைத் தந்துகொண்டிருக்கிறேன். எது பெரியது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்."

கைதட்டல் அடங்கிய பிறகுதான் துறைத்தலைவரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

பிறகு மின்னணு நுண்ணோக்கி வந்தது. கனிமொழி செய்த கரியைக் கண்ணால் பார்க்க வேறு வழி கிடையாது. அதில் யார் முதலில் பார்ப்பது என்பது பதவி வரிசைப்படி. இயக்குநர் பார்க்காத எதையும் துறைத்தலைவர் பார்க்கக் கூடாது, துறைத்தலைவர் பார்க்காததை நெறியாளர் பார்க்கக் கூடாது, செய்தவள் கடைசி. இயக்குநர் டெல்லிக்குப் போனால் பொருள் டப்பாவில் காத்துக்கிடக்கும். ஒருமுறை அவர் இல்லாத நேரத்தில் கலைமணி பார்த்துவிட்டார். செய்தி தெரிந்து, ரயிலை விட்டு இறங்கிய கையோடு வந்த இயக்குநர் ஆய்வகத்து இரும்பு ஸ்டாண்டைக் கழற்றினார். கலைமணி தீயணைப்பு உருளையைத் தூக்கினார். நடுவில் போய் நின்ற மங்கலம் அம்மையாருக்குத் தோள்பட்டை இறங்கியது; கருவியைப் பார்த்துக்கொள்ளும் பணியாளருக்கு மண்டையில் தையல். ரத்தம் நுண்ணோக்கியின் மேல் தெறித்துவிட்டதென்று அந்தப் பணியாளருக்கே விளக்கம் கேட்டு ஓலை போயிற்று.

இதை விசாரிக்கச் சமாதானக் குழு ஒன்று அமைத்தார்கள். அதற்குத் தலைவர் யார் என்ற பேச்சு முதல் கூட்டத்திலேயே எழுந்தது. குழுவில் ஐந்து பேர். நான்கு பேர் மருத்துவமனையிலிருந்து அறிக்கை தந்தார்கள். ஐந்தாமவர் தலைவரானார்.

மங்கலம் அம்மையார் நல்லவர். நெறியாளருக்கு என்னென்ன கடமை என்று பணி விதியில் நீளமாக எழுதியிருந்தது. அடி வாங்குவது அதில் இல்லை. வழக்கத்தில் இருந்தது.

உத்திராபதிக்கு இது எதுவும் செரிக்காததற்குக் காரணம் உண்டு. காடாம்புலியூரில் அவர்கள் குடும்பத்துக்குக் கை நீட்டாத குடும்பம் என்று பெயர். வரப்புத் தகராறில் அக்கம்பக்கத்தார் அரிவாளோடு வந்தபோதும் அவர்கள் வீட்டு ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டாமல் நின்றிருக்கிறார்கள். கடலூர் கோர்ட்டில் போய்த்தான் பேசியிருக்கிறார்கள். சிலர் அதைக் கோழைத்தனம் என்று கேலி செய்தார்கள். உத்திராபதி அதைச் சொத்தைவிடப் பெரிதாகக் காத்து வந்தார். பெண் கேட்டு வருகிறவர்களிடம் நிலபுலத்தைச் சொல்வதற்கு முன் இதைத்தான் சொல்வார்.

தேர்வு தொடங்கியது. இயக்குநர் வந்து எட்டு நாற்காலியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றிலும் உட்காராமல் மேடையில் ஏறிக்கொண்டார். கதிர்வேல் துறைத்தலைவருக்கான பொன்னாடையின் ஜரிகையை உள்பக்கமாக மடித்து ஊக்கு குத்தி ஒருவாறு சமாளித்திருந்தான். போர்த்தும்போது ஊக்கு கலைமணியின் கழுத்தில் ஏறியது. அவர் சத்தம் போடவில்லை. இயக்குநர் முன்னால் வலியைக் காட்டுவது அவருடைய கொள்கைக்கு விரோதம்.

கனிமொழி பேசினாள். கணீரென்று பேசினாள். வெளித்தேர்வாளர் சவரிராயன் ஒல்லியான மனிதர், சிரிக்காதவர். கேட்க வேண்டியதை மட்டும் கேட்டார். பதில் வந்ததும் தலையை ஒரு முறை அசைத்து அடுத்ததற்குப் போனார். தங்கராசுவுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு பதிலுக்கும் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"சரி. ஒளிர்வதைக் காட்டுங்கள்" என்றார் சவரிராயன்.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. அந்த வருடம் அது தினசரி வழக்கம். நிலையத்தில் இன்வெர்ட்டர் இருந்தது. அது இயக்குநர் அறையின் ஏசிக்கு மட்டும். கனிமொழிக்குத் தேவைப்பட்டதும் இருட்டுதான். ஜன்னல்களில் கறுப்புத் துணி முன்பே கட்டியிருந்தார்கள். கூடத்தில் பக்கத்திலிருப்பவரின் மூக்குகூடத் தெரியாத இருட்டு. அவள் கையில் பேட்டரியில் எரியும் புற ஊதா விளக்கு இருந்தது. மேசையில் கரைசல் நிறைந்த கண்ணாடிக் குடுவை இரண்டு.

"குடுவையை நான் தூக்கிக் காட்டுவேன்" என்று இயக்குநரின் குரல் கேட்டது. "இந்த நிலையத்தில் எந்தக் கண்டுபிடிப்பும் முதலில் என் கையில்தான் உயர வேண்டும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் துறைத்தலைவர் இருட்டில் தடவிப் போய்க் குடுவையைப் பிடித்துவிட்டார். யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம். அதே குடுவையை மறுபக்கம் இன்னொரு கை பிடித்தது.

"விடுய்யா."

"நீங்க விடுங்க."

"நான் இயக்குநர்."

"இருட்டுல எல்லாரும் ஒண்ணுதான்."

சளப்பென்று தண்ணீர் சிந்திய சத்தம். அதற்குப் பிறகு ஓர் அறை. அதன் எதிரொலி அடங்குமுன் இன்னொன்று. மேசை நகர்ந்தது. நாற்காலி ஒன்று யார் மீதோ விழுந்தது. யாருடைய தொண்டையோ நெரிபட்டுக் களகளவென்றது. "அய்யோ, என் முதுகு!" என்று மங்கலம் அம்மையாரின் குரல். வழக்கம்போல் அவர் நடுவில் போயிருந்தார். ஒரு பல் தரையில் விழுந்து உருண்ட சத்தத்தைக் கேட்டதாக முன்வரிசை மாணவன் ஒருவன் பிறகு சொன்னான். அது மட்டும் உண்மை. கதிர்வேல் மறுநாள் பெருக்கும்போது அது அகப்பட்டது. கலைமணியின் முன்பல்.

கனிமொழியின் கையிலிருந்த விளக்கை யாரோ இடித்துத் தள்ளியிருந்தார்கள். அவள் மண்டியிட்டுத் தரையைத் துழாவி அதை எடுத்து அழுத்தினாள்.

கூடம் அப்படியே நின்றது.

இயக்குநரின் வலது கன்னத்தில் ஐந்து விரல்கள் நீலமாக ஒளிர்ந்தன. ஐந்தில் ஒன்று, சுண்டுவிரல், நுனி குறைவாக இருந்தது. துறைத்தலைவரின் கழுத்தின் இரு பக்கமும் இரண்டு முழுக் கைகள் ஒளிர்ந்தன. இயக்குநரின் மோதிரம் பதிந்த இடம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. இருவர் உள்ளங்கையும் மணிக்கட்டு வரை நீலம். மங்கலம் அம்மையாரின் முதுகில் இரண்டு பேருடையதும் கலந்து கிடந்தது. துறைத்தலைவரின் வாயிலிருந்து வழிந்த ரத்தம் அந்த வெளிச்சத்தில் தார் மாதிரி இருந்தது.



சவரிராயன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அருகில் வந்தார். முதலில் கன்னத்தைப் பார்த்தார். பிறகு கழுத்தைப் பார்த்தார்.

"ஒளி எவ்வளவு நேரம் நிற்கும்?" என்று கனிமொழியைக் கேட்டார்.

"ஈரம் காயற வரைக்கும் நல்லாத் தெரியும், சார். காஞ்சா மங்கும்."

"விளிம்பு தெளிவாக இருக்கிறது."

"ஆமா, சார். அதுதான் என் ஆய்வோட மூணாவது அத்தியாயம்."

ஈரம் காய்ந்தால் மங்கும் என்பதை இயக்குநரும் கேட்டார். உடனே நீண்ட உரை ஒன்றைத் தொடங்கினார். நிலையத்தின் வரலாறு, தன் பள்ளிப் பருவம், ஜப்பானில் தனக்குக் கிடைத்த வரவேற்பு என்று போனது. "காத்து வரட்டும், ஜன்னலத் தெற" என்று நடுவில் கதிர்வேலுக்கும் ஒரு கட்டளை. கதிர்வேல் ஒரே ஒரு ஜன்னலின் துணியைக் கொஞ்சமாக விலக்கினான். சவரிராயன் கையை உயர்த்தினார்.

"இயக்குநர் அவர்களே, ஒரே ஒரு கேள்வி. உங்கள் கன்னத்தில் இருப்பது என்ன?"

"எதுவும் இல்லை."

"ஒளிர்கிறதே."

இயக்குநருக்கு அப்போதுதான் தன் நிலைமை புரிந்தது. ஆய்வு உண்மை என்றால் அறையும் உண்மை. அறை பொய் என்றால் ஆய்வும் பொய். கலைமணிக்கோ இன்னும் சங்கடம். தன் கழுத்தை நெரித்தது இயக்குநர் என்று நிரூபிக்க ஆய்வு உண்மையாக வேண்டும். தான் அறைந்ததை மறைக்க அது பொய்யாக வேண்டும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிலையம் திறந்த நாளிலிருந்து அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

"ஆய்வுக்கு ஒரு வரம்பு எழுத வேண்டும்" என்றார் இயக்குநர். "இந்தப் பொருள் சாதாரண மனிதத் தோலில் ஒளிரும். துறைத்தலைவர் பதவியிலும் அதற்கு மேற்பட்ட பதவிகளிலும் இருப்பவர்களின் தோலில் ஒளிராது. அப்படி ஒளிர்வதுபோல் தோன்றினால் அது காட்சிப் பிழை. இதை ஆய்வாளர் ஏற்றுக்கொண்டால் இன்றே பட்டம்."

"இத நான் வழிமொழியறேன்" என்றார் கலைமணி. பல் போன இடத்தில் காற்று வந்தது.

"நெறியாளர்?" என்று இயக்குநர் திரும்பினார்.

மங்கலம் அம்மையார் உதட்டு ரத்தத்தைப் புடவைத் தலைப்பால் ஒற்றினார். அத்தனை வருடத்தில் இருவரும் சேர்ந்து சொன்ன எதையும் அவர் மறுத்தது கிடையாது. "ஒளிருதுங்க" என்றார். முதுகைத் திருப்பிக் காட்டினார்.

கனிமொழி மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். தங்கராசு கையெடுத்துக் கும்பிட்டான். "எழுதிக் குடுத்துடும்மா. ஒரு வரிதானே. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்பா. பதவியப் பாத்து ஒளிரும்னு எழுதுன பொருள, எந்த டாக்டரு நம்பிக் கட்டிய அறுப்பாரு? அந்த ஒரு வரியோட இது வெறும் கரி."

"அப்படியானால் பட்டம் இல்லை" என்றார் இயக்குநர். ஒலிபெருக்கி இல்லாமலேயே எட்டு நாற்காலிக்கும் கேட்கும்படி சொன்னார். "மேலும் ஒன்று சொல்கிறேன். ஏதோ ஒரு தடவை ஒளிர்ந்ததை வைத்து எவரும் துள்ள வேண்டாம். வாசலில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறேன், படித்திருப்பீர்கள். ஒருமுறை நடப்பது தற்செயல். மும்முறை நடப்பதே உண்மை. அதுதான் இந்த நிலையத்தின் உயிர். அதற்காக என் தலையையே கொடுப்பேன்."

"தலை வேண்டாம்" என்றார் சவரிராயன். "கன்னம் போதும். இரண்டாவது குடுவையில் கரைசல் இருக்கிறது. மூன்று முறை செய்து பார்த்துவிடலாம்."

"தடவிப் பார்ப்பதாக இருந்தால்..." என்று இயக்குநர் இழுத்தார்.

"முதலில் எந்த விசையில் பட்டதோ அதே விசையில்தான் பட வேண்டும். நிலைமை மாறினால் சோதனை செல்லாது. உங்களுக்குத் தெரியாததல்ல."

"ரொம்பச் சரி" என்றார் கலைமணி குதூகலமாக. "நானே செய்யறேன்."

"நீங்கள் ஒப்பீட்டுக்கு வேண்டும். ஒரே முகத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது."

கலைமணி உட்கார்ந்துவிட்டார்.

யார் கையால் என்ற கேள்வி வந்தது. சவரிராயன் மாணவர்கள் பக்கம் திரும்பினார். நாற்பது கைகளும் உயர்ந்தன. சிலர் இரண்டு கையும் தூக்கியிருந்தார்கள். பதவியில் தாழ்ந்தவர்கள் தன்னைத் தொடுவது மரபுக்கு விரோதம் என்று இயக்குநர் மறுத்தார். கதிர்வேல், தன்னை யாரும் கேட்பதற்கு முன்பே மேசைக்கடியில் புகுந்துகொண்டான். இயக்குநர் தானே கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். வெள்ளை வேட்டியும் நரைத்த தலையுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் கண்ணில் பட்டார்.

"அந்தப் பெரியவர் செய்யட்டும். வயதில் மூத்தவர் என்பதால் கௌரவக் குறைவு இல்லை" என்றார். எழுபது வயதுக் கையில் என்ன இருக்கப்போகிறது என்று அவர் போட்ட கணக்கு முகத்திலேயே தெரிந்தது.

உத்திராபதி எழுந்து நின்றார்.

"மன்னிக்கணும். எங்க குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் யாரு மேலயும் கை வச்சதில்ல. அது எங்க பேரு. என்னோட அது அழியக் கூடாது."

கனிமொழி மேடையிலிருந்து இறங்கி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"பெரிப்பா, நீங்க அடிச்சாத்தான் எனக்குப் பட்டம்."

"இப்பிடி ஒரு பட்டம் வேணுமா தாயி?"

"பட்டம் போனாப் போவுது. நான் எழுதுனது பொய்யின்னு ஆயிடும். அப்பறம் நம்ம பேரு எதுக்கு?"

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். தங்கராசு தலையைக் குனிந்துகொண்டான். ராசம்மாள் மட்டும் மெல்லச் சொன்னாள்: "போங்க மாமா. கட்டிய அறுக்கற கத்தி கொலக் கத்தி இல்லியே."

உத்திராபதி மேல்துண்டை எடுத்து மடித்துத் தம்பி கையில் கொடுத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார். மேடையில் ஏறி, கனிமொழி கரைசலை ஊற்றி நீட்டிய தட்டில் வலது கையை மணிக்கட்டு வரை நனைத்தார். பிறகு இயக்குநர் எதிரில் போய் நின்று, "கண்ணாடியக் கழட்டிக்குங்க" என்றார். இயக்குநர் கழற்றும் வரை காத்திருந்தார்.

கதிர்வேல் மேசைக்கடியிலிருந்து வந்து கறுப்புத் துணியை இழுத்து மூடினான்.

எழுபது வயது வரை ஒருவர் மீதும் செலவழிக்காத கை அது. எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. முதல் அறையில் இயக்குநர் மேசையைப் பிடித்துக்கொண்டார். விளக்கைக் காட்டினார்கள். முழுக் கையும் ஒளிர்ந்தது. துடைத்துவிட்டு இரண்டாவது. இயக்குநரின் காதிலிருந்து ரத்தம் கசிந்தது. ஒளிர்ந்தது கை மட்டும்தான். ரத்தம் ஒளிரவில்லை என்பதைக் கவனிக்கும்படி சவரிராயன் மாணவர்களுக்குச் சொன்னார். மூன்றாவது அறையில் இயக்குநர் முன்வரிசையில் போய் விழுந்தார். எட்டு நாற்காலியும் அவருக்குப் பயன்பட்டது அப்போதுதான்.

"அடுத்தவர்" என்றார் சவரிராயன்.

கலைமணி கதவுப் பக்கம் நகர்ந்தார். நாற்பது மாணவர்களும் எழுந்து வழியை அடைத்து, அவரை மிகுந்த மரியாதையோடு தோளில் கை போட்டு மேடைக்கு அழைத்து வந்தார்கள். வழியில் அவர் வயிற்றிலும் விலாவிலும் மரியாதை தொடர்ந்தது. அவர் பங்கும் முறைப்படி முடிந்தது. இன்னொரு பல் ஆடியது. கழுத்து ஊக்கு இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கியது. ஒளியில் குறை ஏதும் இல்லை.

சவரிராயன் எழுந்து நின்று, ஆய்வு எந்த வரம்பும் இன்றி ஏற்கப்பட்டது என்றும், கனிமொழி இனி முனைவர் கனிமொழி என்றும் அறிவித்தார். மின்சாரம் அப்போதும் வரவில்லை. ராசம்மாள் சாப்பாட்டுக்கு இலை போட்டாள். இயக்குநராலும் துறைத்தலைவராலும் மெல்ல முடியவில்லை; பாயசம் மட்டும் குடித்தார்கள்.

உத்திராபதி கை கழுவவில்லை. சாப்பிடவும் இல்லை. வேனில் ஊர் திரும்பும் வரை அந்தக் கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கனிமொழி பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள்.

"வலிக்குதா பெரிப்பா?"

"இல்ல. இது பழக்கப்பட்டுடக் கூடாதேன்னு பாக்கறேன்" என்றார்.

மறுவாரம் நிலையத்தில் பத்திரிகையாளர் கூட்டம் நடந்தது. இயக்குநர் கட்டுப் போட்ட காதோடு வந்தார். "நுண்கரிம மருத்துவத்தில் இதுவரை எலிகளிடம்தான் சோதித்தார்கள். பதவி என்றும் பாராமல் தன் கன்னத்தையே அறிவியலுக்குத் தந்தவன் நான் ஒருவன்தான்" என்றார். முதலில் ஒளிர்ந்தது தன் கழுத்துதான் என்று கலைமணி எழுந்து சொன்னார். அவருக்கு உடனே பதில் கிடைத்தது. படம் பிடித்தவர்களின் கேமராக்கள் சில உடைந்தன. மங்கலம் அம்மையார் இம்முறை நடுவில் போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்.

கோபத்தில் நிதானம் இழந்த உத்திராபதி இயக்குநரை ஓங்கி ஓர் அறை அறைந்துவிட்டதாகவும், கை நீட்டாத குடும்பம் என்ற பேர் அதோடு போய்விட்டதாகவும் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். தவறு. கோபம் இல்லை. அறை ஒன்று அல்ல, மூன்று. துறைத்தலைவருக்கு விழுந்தவை தனி.